போட்டதும் போனதும்: ஆல் ஆல்வரெஸின் சீட்டு மேசையும் பாறைச் சுவரும்



லாஸ் வேகஸ் நகரின் ஃப்ரீமான்ட் தெருவில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்றொரு சூதாட்ட விடுதி இருந்தது. அங்கே ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்தாயிரம் டாலர் நோட்டுகள் நூற்றைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மொத்தம் பத்து லட்சம் டாலர். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போவது சுற்றுலா வந்தவர்களின் வழக்கம். 1981-ஆம் ஆண்டு அதே விடுதியில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி நடந்தது. ஆளுக்கு 10,000 டாலர் கட்டி 75 பேர் ஆட உட்கார்ந்தார்கள். அவர்களைக் கவனித்து எழுதுவதற்காக லண்டனிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வயது 51. நியூ யார்க்கர் பத்திரிகைக்கு எழுதுகிறவர். பெயர் ஆல் ஆல்வரெஸ்.

அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் படித்து முதல் வகுப்பில் தேறியவர். பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஜான் டன்னைப் பற்றி ஆய்வு நூல் எழுதியவர். லண்டனின் அப்சர்வர் இதழில் பத்தாண்டுகள் கவிதைப் பகுதியைக் கவனித்தவர். சில்வியா பிளாத்தின் கவிதைகளை முன்வந்து அச்சிட்டவர். தற்கொலையைப் பற்றி அவர் எழுதிய நூல் உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. இத்தனைக்கும் மேல், வேல்ஸ் நாட்டுப் பாறைகளில் கயிறு கட்டி ஏறுகிறவர். வாரந்தோறும் போக்கர் ஆடுகிறவர்.

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிப் பேசும்போது, இலக்கியம் அவருடைய தொழில், சீட்டும் பாறையும் பொழுதுபோக்கு என்று பிரித்துவிடுவது எளிது. அவர் இறந்தபோது வந்த இரங்கல் குறிப்புகளிலும் இந்தப் பிரிவினை உண்டு. ஆனால் அவருடைய நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இழப்பை எப்படிக் கையாள்வது என்ற பாடத்தை அவர் கவிதையிலிருந்து கற்கவில்லை. சீட்டு ஒரு பாடம் சொன்னது. பாறை அதற்கு நேர் எதிரான பாடம் சொன்னது. இரண்டுக்கும் நடுவில்தான் அவர் வாழ்ந்தார். இன்றைய பேச்சு அந்த இரண்டு பாடங்களையும், அவை இரண்டும் உதவாமற்போன ஓர் இடத்தையும் பற்றியது.

ஆல்வரெஸ் 1929 ஆகஸ்ட் 5 அன்று லண்டனில் பிறந்தார். பல தலைமுறைகளாக இங்கிலாந்தில் வாழ்ந்த யூதக் குடும்பம். படிப்பு முடிந்த கையோடு பேராசிரியர் ஆவதற்கான பாதை அவர் முன்னால் நீளமாகத் திறந்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் இடம், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அழைப்பு என்று எல்லாம் கூடி வந்தன. முப்பது வயதை எட்டும் முன்பே அதையெல்லாம் விட்டுவிட்டு, எழுதிப் பிழைப்பது என்று இறங்கினார். மாதச் சம்பளம் இல்லாத வாழ்க்கை. 1956-இலிருந்து 1966 வரை அப்சர்வர் கொடுத்த இடம் ஒரு பிடிமானம். அதன்பின் அதுவும் இல்லை.

அந்தப் பத்தாண்டில் அவர் செய்த வேலை சிறியதல்ல. 1962-இல் பெங்குவின் நிறுவனத்துக்காகப் புதுக்கவிதைத் தொகுப்பொன்றைத் தயாரித்தார். அதன் முன்னுரையில் ஆங்கிலக் கவிஞர்களின் நாகரிகமான அடக்கத்தைத் தாக்கினார். இரண்டு உலகப் போர்களும் வதைமுகாம்களும் கண்ட நூற்றாண்டில் தேநீர் மேசைப் பேச்சாகக் கவிதை எழுத முடியாது என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் கவிஞர்களின் தொகுப்பாக இருந்தும், ராபர்ட் லோவல், ஜான் பெரிமன் என்ற இரண்டு அமெரிக்கர்களை முதலில் வைத்தார். 1966-இல் வந்த திருத்திய பதிப்பில் பிளாத்தும் ஆன் செக்ஸ்டனும் சேர்ந்தார்கள். இந்த நால்வரில் மூவர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கவிதை தன்னை ஆபத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்ட விமர்சகருக்கு, அந்தக் கோரிக்கையின் விலை என்ன என்ற கேள்வி பின்னாளில் வந்து சேரத்தான் செய்தது.

அதற்கு முன்பே அவருடைய சொந்த வாழ்க்கை உடைந்திருந்தது. 1956-இல் அவர் மணந்துகொண்டவர், நாவலாசிரியர் டி.எச். லாரன்ஸின் மனைவி ஃப்ரீடாவுடைய பேத்தி. லாரன்ஸின் எழுத்தில் மூழ்கிக் கிடந்த இளைஞனுக்கு அந்தக் குடும்பத்தில் பெண் எடுப்பது இலக்கியத்தையே மணப்பது போலத் தோன்றியிருக்கலாம். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. 1960 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் தற்கொலைக்கு முயன்று, பிழைத்துக்கொண்டார். அப்போது இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம். அதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிய சட்டம் 1961 ஆகஸ்டில்தான் வந்தது. அந்த முயற்சியோடு தன்னுள் இருந்த பழைய ஆள் முடிந்துபோனான் என்ற பொருளில் அவர் பின்னால் எழுதினார். 1966-இல் மறுமணம் செய்துகொண்டார். அந்தத் துணை அவருடைய கடைசி நாள் வரை நீடித்தது.

முதல் மணவாழ்வின் இருண்ட ஆண்டுகளில்தான் ஒரு சீட்டாட்டப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஹெர்பர்ட் யார்ட்லி எழுதி 1957-இல் வெளியான நூல் அது. யார்ட்லி சாதாரண ஆளில்லை. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்க அரசுக்காக மறைகுறிகளை உடைத்தவர். 1921-22-இல் வாஷிங்டனில் கடற்படை மாநாடு நடந்தபோது, ஜப்பானியத் தூதுக்குழுவின் ரகசியத் தந்திகளை அவருடைய அலுவலகம் படித்துக்கொண்டிருந்தது. பிற்பாடு சீனாவுக்குப் போய் அங்கும் இதே வேலையைச் செய்தார். எதிராளி மறைப்பதைக் கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவர் போக்கர் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்? கதைகளும் எண்களும் கலந்த அந்தப் புத்தகத்தின் சாரம் ஒன்றுதான்: பொறுமையாக இரு, நல்ல சீட்டு வராவிட்டால் கவிழ்த்து வை, அடுத்த ஆட்டத்துக்குக் காத்திரு. நம் ரம்மிக்காரர்கள் 'ஸ்கூட்' என்பார்களே, அதை வெட்கப்படாமல் செய்யத் தெரிந்தவனே தேறுவான் என்பது யார்ட்லியின் கட்சி.

ஆல்வரெஸ் இதைச் சீட்டோடு நிறுத்தவில்லை. அந்தப் பாடத்தின் மையக் கருத்தை ஒரு சின்னக் கணக்கால் காட்டலாம்.

டெக்சஸ் ஹோல்டெம் என்ற ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இடையிடையே நான்கு சுற்றுப் பந்தயம். உங்கள் கையில் இரண்டு இஸ்பேட். நடுவில் திறந்த மூன்றிலும் இரண்டு இஸ்பேட். இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஒரே இனமாகி, பெரும்பாலும் நீங்கள்தான் வெல்வீர்கள். உங்கள் கண்ணில் படாத சீட்டுகள் 47. அவற்றில் இஸ்பேட் 9. அடுத்த சீட்டு இஸ்பேடாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. நடுவில் 500 டாலர் குவிந்திருக்கிறது, தொடர்வதற்கு நீங்கள் 100 போட வேண்டும் என்றால், 17 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலே கட்டுப்படியாகும். போடலாம். நடுவில் 300 மட்டுமே இருந்தால் 25 விழுக்காடு வேண்டும். கவிழ்த்துவிட வேண்டும்.

அந்த 300-இல் பாதி நீங்களே முந்தைய சுற்றில் போட்ட பணமாக இருக்கலாம். மனம் அடித்துக்கொள்ளும். 'இவ்வளவு போட்டாச்சே!' கணக்கில் அதற்கு இடமே இல்லை. கையை விட்டுப் போன அந்தக் கணத்தில் அது உங்கள் பணம் என்ற தகுதியை இழந்துவிட்டது. இனிப் போடப்போவதற்கு நியாயம் உண்டா என்பது மட்டுமே கேள்வி.

சீட்டு மேசையில் பணத்துக்குப் பொருந்துகிற இந்த விதி, தான் உறவுகளில் கொட்டிய உணர்ச்சிகளுக்கும் அப்படியே பொருந்துவதாக ஆல்வரெஸ் கண்டார். முறிந்துபோன மணவாழ்வில் போட்ட ஆண்டுகளைக் காரணம் காட்டி இன்னும் ஆண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவருக்குப் பிடிபட்டது. பேராசிரியர் பாதையை விட்டது, பத்திரிகை வேலையை விட்டது, பின்னால் விமர்சகர் என்ற பட்டத்தையே ஓரம் கட்டியது என எல்லாவற்றிலும் இதே கை தெரிகிறது. விடத் தெரிவது சீட்டு சொன்ன பாடம்.

இங்கே அவையில் ஓர் ஆட்சேபம் எழுவது இயற்கை. சூதாடுகிறவருக்கு வேதாந்தியின் வேடம் போடலாமா? தமிழ்நாட்டில் இணைய ரம்மியால் கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் செய்திகள் நமக்குத் தெரியும். 2022-இல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே சட்டம் இயற்றி, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், இவ்விரண்டும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே போகாமல், இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கான பதிலும் ஆல்வரெஸின் புத்தகத்திலேயே இருக்கிறது, அவர் விரும்பிய வடிவத்தில் இல்லாவிட்டாலும்.

லாஸ் வேகஸ் பயணத்திலிருந்து பிறந்த நூல் 1983-இல் வெளிவந்தது. 'ஊரிலேயே பெரிய ஆட்டம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர்களின் உலகத்தை இலக்கியமாக எழுதிய முதல் நூல்களில் ஒன்று. அதில் அவரைத் திகைக்க வைத்த செய்தி, அந்த ஆட்டக்காரர்கள் பணத்தைப் பணமாகவே பார்க்கவில்லை என்பது. வண்ணச் சில்லுகளாக மாறிய பிறகு அது வேலைக்கான கருவி. தச்சர் உளியைப் பார்த்துப் பயந்தால் மரம் இழைக்க முடியாது.

ஜாக் ஸ்ட்ராஸ் என்ற ஆறரை அடி உயர டெக்சஸ்காரரின் கதை அந்த நூலில் வருகிறது. ஒருநாள் அவர் கையில் ஏழும் இரண்டும், வேறு வேறு இனத்தில். ஹோல்டெம் ஆட்டத்தில் அதைவிட மோசமான தொடக்கம் கிடையாது. அன்று தொட்டதெல்லாம் துலங்கிக்கொண்டிருந்ததால் துணிந்து பந்தயத்தை ஏற்றினார். நடுவில் திறந்தது ஏழு, மூன்று, மூன்று. மீண்டும் பந்தயம் கட்டினார். எதிராளி அதையும் தாண்டி ஏற்றியபோது, அவரிடம் பெரிய ஜோடி இருக்கிறது, தன் கை தோற்ற கை என்று ஸ்ட்ராஸுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தொடர்ந்தார். அடுத்து வந்த சீட்டு இரண்டு. அதனால் பயன் ஏதும் இல்லை. ஸ்ட்ராஸ் ஒரு பெரிய தொகையை நடுவில் தள்ளினார். எதிராளி யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். அப்போது ஸ்ட்ராஸ் ஒரு பேரம் பேசினார்: ஒரு 25 டாலர் சில்லைக் கொடுத்தால், என் இரண்டு சீட்டில் நீங்கள் கைகாட்டும் ஒன்றைத் திறந்து காட்டுகிறேன். எதிராளி சில்லை எறிந்துவிட்டு ஒன்றைக் காட்டினார். திறந்தது இரண்டு. எந்தச் சீட்டைக் கேட்டாலும் காட்டத் தயார் என்றால், இரண்டு சீட்டும் ஒன்றுபோலத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் நடுவிலுள்ள இரண்டோடு சேர்ந்து மூன்று இரண்டுகள், கூடவே ஒரு ஜோடி மூன்று. தன்னால் வெல்ல முடியாது. இப்படிச் சரியாகவே யோசித்து, தவறான முடிவுக்கு வந்து, வென்றிருந்த கையைக் கவிழ்த்தார். வெறும் உதாரில் மனித மனத்தின் தர்க்கத்தையே கண்ணியாக வைத்தவர் ஸ்ட்ராஸ். 1982-இல் இவரே உலகப் போட்டியை வென்றார். 1988-இல் ஒரு போக்கர் மேசையில் உட்கார்ந்திருந்தபோதே உயிர் பிரிந்தது.

1981 போட்டியை வென்றவர் ஸ்டூ அங்கர். முந்தைய ஆண்டும் அவர்தான் வென்றிருந்தார். அதற்கு முன் ஜின் ரம்மியில் அவரை எதிர்த்து ஆட ஆள் கிடைக்காமல் போனதால்தான் அவர் போக்கர் பக்கமே வந்தார். போக்கர் மேசையில் வாய்ப்புக் கணக்கை அவரைவிட வேகமாகப் போட்டவர்கள் குறைவு. அதே மனிதர் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் வென்றதையெல்லாம் தொலைத்தார். போதைப் பொருள் மீதியைத் தின்றது. 1997-இல் மூன்றாம் முறை உலகப் போட்டியை வென்று பத்து லட்சம் டாலர் பெற்றார். 1998 நவம்பரில் லாஸ் வேகஸின் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 45.

போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரை எதிர்த்து ஒருவர் ஆடுகிறார்கள். விடுதி கட்டணம் மட்டும் எடுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே சுழலும் ரூலெட் சக்கரம் அப்படியில்லை. அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள். ஓர் எண்ணில் வென்றால் கிடைப்பது ஒன்றுக்கு 35. கட்டும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 5.26 டாலர் விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தவர்களே மேசையிலிருந்து எழுந்து போய்ப் பகடையில் தோற்றார்கள். விடத் தெரிவது ஒரு மேசைக்குரிய திறமை. அதை இன்னொரு மேசைக்கு எடுத்துப்போக எல்லோராலும் முடிவதில்லை. ஆல்வரெஸ் தப்பித்ததற்குக் காரணம், அவர் அந்த உலகத்தில் குடியேறவில்லை. லண்டனுக்குத் திரும்பினார். ஆந்தனி ஹோல்டன் போன்ற எழுத்தாளர்கள் கூடும் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் உட்கார்ந்தார். அந்த ஹோல்டன்தான் ஓராண்டு முழுவதும் தொழில்முறை ஆட்டக்காரராக வாழ்ந்து பார்த்து, 1990-இல் அதை நூலாக எழுதியவர். ஆல்வரெஸும் 1994-இல் உலகப் போட்டியில் தானே பணம் கட்டி உட்கார்ந்து பார்த்தார். பரிசு வரவில்லை, கட்டுரை வந்தது.

இனி பாறைக்கு வருவோம்.

பிரிட்டனின் பாறையேற்றத்துக்கு ஒரு தனி ஒழுக்கம் உண்டு. பாறையில் துளையிட்டு இரும்பு ஆணி பதிப்பதைப் பெரும்பாலான இடங்களில் ஏற்க மாட்டார்கள். வெடிப்புகளில் சிறு உலோகத் துண்டுகளைச் செருகி, அவற்றில் கயிற்றைக் கோத்துக்கொண்டு ஏற வேண்டும். ஐம்பதுகளின் பிற்பகுதியில், ஸ்னோடன் மலை ரயில் பாதையோரம் கிடந்த திருகு மரைகளைப் பொறுக்கி, நாடாவில் கோத்து, இந்த வேலைக்குப் பயன்படுத்தியதாக ஏறுநர்கள் சொல்வார்கள். கயிறு யாரையும் மேலே இழுக்காது. விழுந்தால் பிடிக்கும், அவ்வளவே. கடைசியாகச் செருகிய துண்டிலிருந்து மூன்று மீட்டர் மேலே போய்விட்ட ஒருவர் தவறினால், கயிறு இறுகுவதற்குள் ஆறு மீட்டராவது விழுவார். கயிற்றின் மறுமுனையில் இன்னொருவர் இருக்கிறார். அவர் கவனமாக இருந்தால் இவர் பிழைப்பார்.

சீட்டோடு இது மாறுபடும் இடம் இதுதான். சீட்டைக் கவிழ்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளி எழுந்துவிடலாம். நடுச்சுவரில் நிற்பவர் அப்படி விலக முடியாது. திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தாலும், இறங்குவது ஏறுவதற்குச் சமமான வேலை. சில சமயம் அதைவிடக் கடினம். எவ்வளவு ஏறினோம் என்பது இங்கே கணக்கில் வரும். யாரோடு ஏறினோம் என்பதும் வரும்.

1964-இல் இத்தாலியின் டோலமைட்ஸ் மலையில் ஆல்வரெஸ் இதைத் தன் உடம்பில் உணர்ந்தார். கூட ஏறியவர் மோ ஆன்தோயின், அவரைவிடப் பத்து வயது இளையவர். உச்சிக்கு முன்பே வானிலை கெட்டது, இருட்டியும் விட்டது. நனைந்த துணியோடு, கால் நீட்ட இடமில்லாத ஒரு விளிம்பில் இருவரும் இரவைக் கழித்தார்கள். உறங்கினால் உறைந்துவிடுவோம் என்ற நிலை. ஆன்தோயின் கிண்டலும் கேலியுமாகப் பேசியே அந்த இரவைத் தள்ளினார். காலையில் மேலே ஏறி முடித்து இறங்கினார்கள். அங்கே உறுதியான நட்பு கால் நூற்றாண்டு நீடித்தது.

ஆன்தோயின் வேல்ஸின் லான்பெரிஸில் மலையேற்றக் கருவிகள் செய்யும் சிறு தொழிற்சாலை நடத்தியவர். திரைப்படக் குழுக்களுக்கு ஆபத்தான இடங்களில் பாதுகாப்பு வேலை பார்த்தவர். இகுவாசு அருவியில் எடுத்த 'தி மிஷன்' படத்தில் அவர் பங்கு உண்டு. புகழுக்காக ஏறுவது அவருக்குப் பிடிக்காது. மனத்துக்குள் ஓர் எலி இருக்கிறது, அவ்வப்போது அதற்கு இரை போடாவிட்டால் ஆளையே கொறித்துவிடும் என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அந்த எலிக்கு இரை, சாகசம். நாம் யாரென்று நாமே நினைத்துக்கொண்டிருப்பதும், உண்மையில் யாராக இருக்கிறோம் என்பதும் ஒன்றுதானா எனச் சோதித்துப் பார்க்கும் இரை. ஆல்வரெஸ் 1988-இல் அவரைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே 'எலிக்கு இரை போடுதல்' என்ற பொருளில் அமைந்தது.

அந்த நூலின் உச்சம் 1977-இல் காரகோரம் மலைத்தொடரில் நடந்தது. 7,285 மீட்டர் உயரமுள்ள ஓகர் சிகரம். ஜூலை 13 அன்று டக் ஸ்காட்டும் கிறிஸ் பானிங்டனும் முதன்முதலாக அதன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கத் தொடங்கிய முதல் கயிற்றிலேயே ஸ்காட் பனிப்பாறையில் ஊசலாகப் போய் மோதி இரண்டு கால்களையும் முறித்துக்கொண்டார். அதே குழுவிலிருந்த ஆன்தோயினும் கிளைவ் ரோலண்டும் கீழிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். புயல் பிடித்துக்கொண்டது. பனிக்குகையில் அடைபட்டுக் கிடந்தார்கள், உணவு தீர்ந்தது. வழியில் பானிங்டனுக்கு விலா எலும்புகள் உடைந்தன. ஸ்காட் முழங்காலாலும் கைகளாலும் தவழ்ந்தே இறங்கினார். கூடாரத்தை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. முன்னால் போய் வழி உண்டாக்கிக் கயிறு பொருத்தியவர்கள் ஆன்தோயினும் ரோலண்டும். உச்சியைத் தொட்டவர்களின் பெயர்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆல்வரெஸ் தன் நூலில் வெளிச்சத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

கணக்குப் பார்த்தால், கால் முறிந்த ஒருவரோடு புயலில் நிற்பது நட்டமான ஆட்டம். யார்ட்லியின் மாணவர் கவிழ்த்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். கயிறு அந்தக் கணக்கை அனுமதிப்பதில்லை. விடாமலிருக்கத் தெரிவது பாறை சொன்ன பாடம். நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1989-இல், ஆன்தோயின் மூளைக்கட்டியால் இறந்தார். வயது 50. மலைகளில் அவர் தப்பித்த ஆபத்துகளுக்கும் அந்த நோய்க்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இரண்டு பாடங்களும் உதவாமற்போன இடம் சில்வியா பிளாத்.

1962 இலையுதிர் காலத்தில் கணவர் டெட் ஹியூஸைப் பிரிந்த பிளாத், புதிதாக எழுதிய கவிதைகளை ஆல்வரெஸிடம் கொண்டுவந்து உரக்கப் படித்துக் காட்டுவார். பிளாத் இறந்தபின் 1965-இல் 'ஏரியல்' என்ற தொகுப்பில் வந்த கவிதைகள் பலவற்றை முதலில் கேட்ட காதுகளில் அவருடையதும் ஒன்று. 1962 கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, பிளாத்தின் அழைப்பின் பேரில் ஆல்வரெஸ் அவருடைய வீட்டுக்குப் போனார். பிளாத் கவிதைகளைப் படித்தார். ஆல்வரெஸ் வேறோர் இடத்தில் விருந்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார், கிளம்பிவிட்டார். பிளாத் தன்னிடம் எதிர்பார்த்த ஆதரவைத் தன்னால் தர முடியாமற்போனதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஏழு வாரங்கள் கழித்து, 1963 பிப்ரவரி 11 அன்று, பிளாத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அப்சர்வர் இதழில் ஆல்வரெஸ் எழுதிய அஞ்சலியோடு பிளாத்தின் கவிதைகள் நான்கு வெளியாயின.

எட்டாண்டுகளுக்குப் பின் 1971-இல் வந்தது அவருடைய தற்கொலை ஆய்வு நூல், 'கொடூரக் கடவுள்'. பிளாத்தின் நினைவில் தொடங்கி, டான்டே, டன், கூப்பர், சாட்டர்டன் என்று இலக்கிய வரலாற்றின் வழியே நடந்து, 1960-இல் தனக்கு நேர்ந்ததில் வந்து முடியும். பிளாத் பற்றிய பகுதி அப்சர்வரில் தொடராக வரத் தொடங்கியபோது ஹியூஸ் கடுமையாக எதிர்த்தார். இரண்டாம் பகுதி வெளிவரவில்லை. அந்தப் பகுதியில் ஆல்வரெஸ் சொன்ன விளக்கம் இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. பிளாத் சாகவே விரும்பினார் என்று அவர் நம்பவில்லை. காப்பாற்றப்படும் வாய்ப்பை வைத்து ஆடிய ஒரு பந்தயம், தோற்றுப்போன பந்தயம் என்று பார்த்தார்.

போக்கர் ஆட்டக்காரரின் பார்வை இது. மிகவும் சந்தேகத்துக்குரிய பார்வையும் கூட. பிளாத்துக்குச் சிகிச்சை அளித்து, மருத்துவமனையில் இடம் தேடிக்கொண்டிருந்த மருத்துவர் ஜான் ஹார்டர், அந்த மரணத்தைக் கடுமையான மனச்சோர்வு நோயின் விளைவாகக் கண்டார். நோயின் பிடியில் இருப்பவருக்கு எதிரே மேசையும் இல்லை, எண்ணிப் பார்க்க 47 சீட்டுகளும் இல்லை. ஆட்டக்காரர் தெளிந்த மனத்தோடு போடும் கணக்கை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தும்போது, பிளாத்தின் வேதனையை விட ஆல்வரெஸின் ஆறுதல் தேவைதான் அதிகம் வெளிப்படுகிறது. பந்தயம் என்று சொல்லிவிட்டால் தோல்விக்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்லலாம். அந்த மாலையில் கிளம்பிப் போனவர் மீது பாரம் சற்றுக் குறையும். மறுபுறம் பாறையின் விதிப்படி பார்த்தால், கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் அவர். ஆனால் அவர் பிளாத்தின் கணவரோ மருத்துவரோ இல்லை. கவிதையை மதித்த நண்பர். எந்தக் கயிறு அவர் கையில் இருந்தது என்பதே தெளிவில்லாத உறவு அது. நூலின் அந்தப் பக்கங்கள் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், விளக்கம் தருகிறவரே விளக்கத்தில் நிம்மதி காணவில்லை என்பதுதான்.

பிற்காலத்தில் இழப்பு உடம்பின் வடிவில் வந்தது. பழுதுபட்ட கணுக்கால் வயதாக ஆக மோசமாகி, தன் அறுபது வயதுகளில் பாறையேற்றத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. எலிக்கு வேறு இரை தேட வேண்டும். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் குளங்களில் அவர் சிறுவயதிலேயே நீந்தியவர். முதுமையில் கோடை, குளிர்காலம் என்று பாராமல் அங்கே நீந்தப் போனார். 2002 முதல் எழுதிய நாட்குறிப்புகள் 2013-இல் 'குளத்து வாழ்க்கை' என்ற நூலாக வந்தன. நீரின் வெப்பநிலை, பறவைகள், நடை தளர்வது, பக்கவாதம் வந்தது என்று நாள்வாரியாகப் போகும் குறிப்புகள். 2019 செப்டம்பர் 23 அன்று, 90 வயதில் இறந்தார்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்கள் பேச்சு முடிந்ததும் எதை முதலில் வாசிப்பது என்று கேட்பார்கள். ஆன்தோயின் பற்றிய நூலில் தொடங்கலாம். சிறியது, பாறை தெரியாதவருக்கும் புரியும். அதன்பின் லாஸ் வேகஸ் நூல். ஸ்ட்ராஸின் கதையை ரசித்துவிட்டு அங்கரின் முடிவை மறக்காமலிருந்தால் போதும். தற்கொலை ஆய்வு நூலை மூன்றாவதாக எடுங்கள். மனம் சரியில்லாத நாட்களில் வேண்டாம். அதிலும் கடைசி இயலை முதலில் படித்துவிட்டு பிளாத்துக்குத் திரும்புவது நல்லது. அப்படிப் படித்தால், பிளாத்தைப் பற்றிப் பேசும்போது அவர் எங்கெங்கே தன்னைப் பற்றிப் பேசுகிறார் என்பது பிடிபடும். அவருடைய தன்வரலாறு 1999-இல் வந்தது. தலைப்பு, 'எல்லாம் எங்கே சரியாகப் போயிற்று?' எங்கே தவறினோம் என்று வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வியை அவர் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார். மற்ற மூன்று நூல்களையும் படித்தபின் அதை எடுத்தால், அந்தக் கேள்விக்கு அவர் தரும் பதிலோடு நீங்கள் வாதாடலாம். வாதாடிப் பார்த்தவர்கள் அடுத்த கூட்டத்தில் பேச வாருங்கள்.